மருத்துவம் கிடைக்காதவர்களின் படிப்பா?



பொதுச் சுகாதார அறிவியலை விரும்பித் தெரிவுசெய்த மாணவி ஒருவர், திருப்பலி முடிந்தபின் என்னிடம் வந்தார். “ஃபாதர், மருத்துவம் கிடைக்காதவர்கள் படிப்பது இது என்று வீட்டில் வெட்கப்படுகிறார்கள்” என்றார். அச்சொல் என்னை வருத்தியது. ஆகவே இதனை எழுதுகிறேன்.

1846இல் பரோ தீவுகளில் சின்னமுத்து பரவியபோது, ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேர்வரை நோயுற்றனர். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் லுட்விக் பனும் ஊர் ஊராகச் சென்று, யார் யாரை எந்நாளில் சந்தித்தார், எந்நாளில் தடிப்புத் தோன்றியது என்று குறித்துக்கொண்டார். தொற்றியபின் தடிப்பு வெளிப்பட ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகும் என்பதையும், 1781இல் அந்நோய் கண்ட முதியோரை அது மீண்டும் தீண்டவில்லை என்பதையும் அவர் கண்டறிந்தார். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் பீடக் கட்டடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கோப்பன்ஹேகன், ஓகூஸ், தென் டென்மார்க் ஆகிய பல்கலைக்கழகங்களில் இக்கல்வி உண்டு. இளமாணிப் பட்டத்துக்கு 3 ஆண்டுகள். முதுமாணிக்கு மேலும் 2 ஆண்டுகள். நோய்ப்பரவலியல், புள்ளியியல், சமூகவியல், சுகாதாரப் பொருளியல் என்பன பாடங்கள். 1968 முதல் நாட்டில் ஒவ்வொருவருக்கும் உள்ள சிபிஆர் இலக்கத்தால், இங்குள்ள பதிவேடுகள் ஆய்வாளருக்குப் பெருஞ்செல்வம்.

நோயாளரைப் பார்த்து மருந்தெழுதும் உரிமை இப்பட்டத்தால் கிடையாது. அதனைத் தெளிவாக அறிந்தே சேர வேண்டும். ஆயினும் வாயில்கள் பல. 2007 முதல் நோய்த்தடுப்புப் பணியைப் பெரிதும் ஏற்றுள்ள 98 கொம்யூன்கள், பிராந்திய நிருவாகங்கள், தேசிய சுகாதாரச் சபை, தொற்றுநோய்களைக் கண்காணிக்கும் ஸ்டேட்டன்ஸ் சீரம் நிறுவனம், மருந்து நிறுவனங்கள், கோப்பன்ஹேகனிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் ஆகியவற்றில் இத்துறையினர் பணியாற்றுகின்றனர்.

பெற்றோரே, ஊரில் கிணற்றுக்குக் குளோரின் இட்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நினைவிருக்கிறதா? வீடு வீடாக இரத்தம் எடுத்துப் பரிசோதித்தவர்களை? அவ்வுழைப்பின் பயனாகவே 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. வராத காய்ச்சலுக்காக அவர்களுக்கு நன்றி சொன்னவர் யார்?

இன்று தெற்காசியரான நம்மிடையே நீரிழிவு மிகுந்திருக்கிறது. நம் சோற்றுத் தட்டையும் அந்தோனியார் திருநாள் விருந்தையும் அறிந்த ஒருவர் கொம்யூன் மேசையில் அமர்ந்தால், நம் அம்மாக்களுக்கு அங்கு வகுக்கப்படும் திட்டம் வேறாக இருக்கும். அவ்விடத்துக்கு உங்கள் மகள் செல்ல விரும்பினால், தயவுசெய்து தடுக்காதீர்கள். உறவினர் கேட்கும்போது அவள் படிப்பின் பெயரை உரக்கச் சொல்லுங்கள்.

இறையாசீர் உங்களோடு!