எங்க தீவுல சாப்பிட வர்றவங்களுக்கு

போன மாசம் மெட்ராஸ்ல இருக்கிற சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணே, ஸ்ரீரங்கம் ஒரு தீவுன்னு பிள்ளைங்க எங்கயோ படிச்சிருக்குங்க. அப்போ பீச் இருக்குமான்னு கேக்குதுங்க, என்ன சொல்லட்டும்?" "இருக்குடா, கூட்டிட்டு வா"ன்னேன். அடுத்து, "எங்கண்ணே சாப்பிடறது?"ன்னான். அதுக்கு மட்டும் உடனே பதில் வரல. ரெண்டு நாள் யோசிச்சு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன்.

தீவுங்கறது பொய் இல்லை. மேற்கே முக்கொம்புல காவேரி ரெண்டாப் பிரியுது. வடக்கால போறது கொள்ளிடம், தெற்கால போறது காவேரி. கிழக்கே கல்லணைகிட்ட ரெண்டும் மறுபடி ஒட்டினாப்ல வந்துரும். நடுவுல இருக்கிறதுதான் நாங்க. அரங்கம்னாலே ஆத்துக்கு நடுவுல இருக்கிற திட்டுதான். ஸ்ரீரங்கம், திருவானைக்கோயில், அப்புறம் கல்லணை ரோட்டுல திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலின்னு வரிசையா வாழைக்கொல்லைதான். எங்க வீடும் கொல்லையும் அந்த ரோட்டுலதான். பீச்சுக்கு அம்மா மண்டபத்துப் படித்துறையும், தண்ணி குறைஞ்சா தெரியற மணலும். நான் சின்னப் பையனா இருந்தப்ப இருந்த மணல்ல பாதிகூட இப்ப இல்லை. அது வேற கதை.

சாப்பாட்டைப் பத்திச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதைன்னு கேட்டா, நான் ஹோட்டலுக்கு இலை போடறவன். 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. முன்வாசல் வழியாப் போய் சாப்பிட்டதைவிட, பின்வாசல்ல இலைக்கட்டை இறக்கிட்டு காசுக்கு நின்னதுதான் அதிகம். பின்வாசல்ல நின்னா எல்லாம் தெரியும். எந்த எண்ணெய் டின் வருது, நேத்து மாவு எங்க போகுது, பாத்திரம் எத்தனை தண்ணியில கழுவுறாங்க, எல்லாம். அதனால பேர் போட்டுப் புகழறதுக்கு எனக்குக் கொஞ்சம் பயம். நிச்சயமா சொல்லக் கூடியதை மட்டும் சொல்றேன்.

காலை டிபனுக்கு திருவானைக்கோயில் பார்த்தசாரதி விலாஸ். 1943-லிருந்து இருக்கிற கடை. எல்லாரும் சொல்றதைத்தான் நானும் சொல்றேன், நெய் தோசை. தெருவுல வரும்போதே நெய் வாசனை தெரியும். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, நின்னு நின்னு பசியே போயிரும். சாதா நாள்ல காலையில சீக்கிரமாப் போங்க. சாப்பிட்டு, ஜம்புகேஸ்வரர் கோயில்ல நிதானமா சுத்திப் பாருங்க. உச்சிகாலத்துல அர்ச்சகர் புடவை கட்டிக்கிட்டு அம்பாள் சன்னதியிலேருந்து வந்து சாமிக்குப் பூஜை பண்ணுவார், கோபூஜை நடக்கும். பிள்ளைங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

ஸ்ரீரங்கத்துல முதல்ல பெருமாள் என்ன சாப்பிடறார்னு தெரிஞ்சுக்கணும். தளிகை தினமும் புது மண்பானையிலதான். ஒரு நாள் பானை மறுநாள் கிடையாது. துலுக்க நாச்சியார்னு ஒரு சன்னதி இருக்கு. டில்லியிலேருந்து பெருமாளைத் தேடி வந்த சுல்தான் மகள்னு சொல்லுவாங்க. அவங்களுக்காக ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். சோத்துச் சீமையில கோதுமை ரொட்டி சாப்பிடற பெருமாள் வேற எங்கயும் இருக்கிறாரான்னு எனக்குத் தெரியாது. கோயில் பிரசாதக் கடையில புளியோதரை வாங்கிப் பிராகாரத்துல ஒரு ஓரமா உட்காந்து சாப்பிடுங்க. பசியோட, காசு இல்லாம வந்தாலும் கவலை இல்லை. 2012-லிருந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்குது. காசு இருக்கிறவங்களும் ஒருதரம் அங்க உட்காந்து பார்க்கலாம், தப்பில்லை.

உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கம் வீட்டுத் திண்ணையை மெஸ்ஸாக்கி வச்சிருக்கிறவங்க நிறைய. நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. எது நல்லதுன்னு கண்டுபிடிக்க எங்கிட்ட ஒரே ஒரு வழிதான். இலையைப் பாருங்க.

பூவன் இலைதான் சாப்பாட்டுக்கு ஏத்தது. மெல்லிசா, மெழுகு பூசினாப்ல இருக்கும், மடக்கினா முறியாது. அன்னிக்கு விடிகாலை அறுத்ததுன்னா இளம்பச்சையா இருக்கும், சூடா சோறு விழுந்ததும் நிறம் மாறி ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்குத்தான் இலையில சாப்பிடறதே. ரெண்டு நாள் ஆனதுன்னா ஓரம் மஞ்சளா இருக்கும், நடு நரம்பு கறுத்திருக்கும், ரசம் ஊத்தினா நரம்போட வெடிச்சு மேசைக்கு ஓடும். இலைக்கு மிச்சம் பிடிக்கிறவன் பருப்புக்கும் பிடிப்பான். இது என் அனுபவம். நுனி இலை போட்டு, நுனி உங்க இடது கைப்பக்கம் வர்ற மாதிரி வச்சா அந்த வீட்டுல யாரோ ஒரு பெரிய மனுசி கவனிச்சுட்டு இருக்காங்கன்னு அர்த்தம். நாலாக் கிழிச்ச ஏடு போட்டா ஒண்ணும் குத்தமில்லை, வெலை அப்படி. ஆனா கிழிச்ச ஏடும் புதுசா இருக்கணும்.

இலையைப் பத்தி இவ்வளவு பேசறதுக்குக் காரணம் இருக்கு. 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் தடை வந்துச்சு. சாப்பாட்டு மேசையில விரிக்கிற பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசின பேப்பர் தட்டு எல்லாம் அதுல அடக்கம். அதுக்கு முந்தின ஆகஸ்ட்லதான் கொள்ளிடத்துல பெரிய வெள்ளம் வந்து முக்கொம்புல 9 மதகு உடைஞ்சுது. படுகையில இருந்த என் வாழை அந்த வெள்ளத்துல ஒரு வாரம் தண்ணியில நின்னு அழுகிப் போச்சு. மறுபடி கன்னு வச்ச நேரத்துல இந்தத் தடை. இலை இலைன்னு எல்லாரும் வாசலுக்கு வந்து நின்னாங்க. முகூர்த்தத்துக்கு விக்கிற வெலை, முகூர்த்தம் இல்லாத மார்கழியிலயே வந்துச்சு. நம்ம காலம் வந்துருச்சுன்னு நெனச்சு முக்கால் ஏக்கரை இலைக்குன்னே விட்டேன். இலைக்கு அறுத்துக்கிட்டே இருந்தா தார் சிறுத்துப் போகும், அது தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன்.

ஆறேழு மாசம். அப்புறம் ஒண்ணொண்ணா பழையபடி ஆச்சு. நான் வருஷக்கணக்கா இலை போட்ட ஒரு ஹோட்டல்ல தட்டுக்கு மேல பச்சைக் கலர் பேப்பர், அதுல வாழை இலை மாதிரியே நரம்பெல்லாம் அச்சடிச்சிருந்துச்சு. முதலாளி சிரிச்சுக்கிட்டே, "பார்த்தா வித்தியாசம் தெரியல பாத்தீங்களா?"ன்னார். பாக்கிப் பணத்தை மூணு தவணையாத்தான் குடுத்தார். அந்தப் பேப்பர் மேல கொதிக்கிற சாம்பாரை ஊத்தறப்ப வர்ற வாசனையை நீங்களும் கவனிச்சிருப்பீங்க. அப்படிப்பட்ட கடையில சாப்பிடாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா, "இலை இல்லையா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாங்க கேட்டா அவங்க காதுல விழறதில்லை. பில்லு கட்டுற நீங்க கேட்டா விழும்.

மத்தியானத்துக்கு அப்புறம் பாலம் தாண்டி அக்கரைக்குப் போகலாம். சாயங்காலம் காவேரிப் பாலத்துல காத்து வாங்கறவங்க நிப்பாங்க, நீங்களும் கொஞ்ச நேரம் நில்லுங்க. பிள்ளைங்க இருந்தா மெயின்கார்டு கேட்டுப் பக்கம் மைக்கேல் ஐஸ்கிரீம். குளுகுளு அறை, பெரிய கண்ணாடியெல்லாம் எதிர்பார்க்காதீங்க. எங்க தலைமுறைக்கு ஐஸ்கிரீம்னாலே அதுதான்.

அங்கேருந்து தென்னூர் கிட்டத்துலதான். எனக்கு அக்கரையில நல்லாத் தெரிஞ்ச இடம் அது ஒண்ணுதான், உழவர் சந்தைக்குப் போய்ப் போய்ப் பழக்கம். விடியறதுக்கு முன்னாடி அடையாள அட்டையும் காய்கறியும் இலையுமாப் போய் உட்காருவோம். வெலைப் பலகையில அன்னிக்கு வெலை எழுதிருவாங்க. எட்டு மணிக்குள்ள வித்துட்டா நிம்மதி.

சந்தையை விட்டு வெளிய ஒரு சந்துல ஒரு அக்கா மெஸ் வச்சிருக்கு. போர்டு கிடையாது, நாலு பெஞ்சு. கேட்டதுக்கு, "பேரெல்லாம் எழுதிராத தம்பி, கூட்டம் வந்தா என்னால முடியாது"ன்னு சொல்லிருச்சு, அதனால எழுதல. 2020 ஏப்ரல்ல ஊரடங்குல கல்யாணம் இல்லை, ஹோட்டல் இல்லை, இலையைக் கேக்க ஒரு நாய் இல்லை. அறுக்காம விட்டா நிலத்துல சருகாகுது, அறுத்தா கூலி யார் குடுக்கிறது. அந்த அக்கா போன் பண்ணுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களுக்குப் பொட்டலம் கட்டறேன், தினம் 50 இலை வேணும்னுச்சு. பழைய வெலைதான், பேரம் பேசல. 50 இலையில என்ன வந்துரும்னு நீங்க கேப்பீங்க. அந்தக் காசுலதான் எங்க வீட்டுக்குப் பாலும் மாட்டுக்குத் தவுடும் வந்துச்சு. அதைவிட, காலையில எந்திரிச்சு கொல்லைக்குப் போக ஒரு காரணம் இருந்துச்சு.

இவ்வளவுக்கும் அந்த மெஸ்ல நான் இலையில உட்காந்து சாப்பிட்டதே இல்லை. டீ குடிப்பேன், அவசரமா ரெண்டு இட்லி நின்னுக்கிட்டே தின்னுட்டு பஸ்ஸைப் பிடிப்பேன். தம்பி குடும்பம் வந்தப்பதான் முதல்தடவை என் வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போய் உட்காந்தேன். அவ இலையை விரிச்சதும் தண்ணி தெளிக்காம கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துக்கிட்டிருந்தா. "இது நம்ம மேக்கால வரப்பு வாழை"ன்னா. எப்படித் தெரியும்னேன். அங்கதான் நிழல், இலை அகலமா வரும்னா. 20 வருஷமா இலை போகுது, எங்க போகுது, அது மேல என்ன விழுதுன்னு அவ அன்னிக்குத்தான் பார்த்தா. சாம்பார்ல உப்பு ஒரு கல் கம்மின்னு அந்த அக்காகிட்டயே சொல்லிட்டா. அக்காவும் ருசி பார்த்துட்டு, "ஆமாம்மா"ன்னுச்சு.

கறி, மீன் கேக்கறவங்களுக்கு. ஸ்ரீரங்கம் கோயில் வீதிகள்ல கேக்காதீங்க, மரியாதை இல்லை. அக்கரையில பாலக்கரை, நத்தர்வலி தர்கா பக்கம் பிரியாணி உண்டு. ரம்ஜான் மாசம் வந்தீங்கன்னா சாயங்காலம் பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி குடுப்பாங்க, நீங்க யார்னு கேக்க மாட்டாங்க. உழவர் சந்தைக்கு வர்ற பாய் ஒருத்தர் எனக்குத் தூக்குவாளியில குடுத்து அனுப்புவார். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கறி, தேங்காப்பால், குழைஞ்சு குழைஞ்சு வரும். உடம்பு சரியில்லாதப்ப அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆத்து மீனுக்குக் கல்லணை, முக்கொம்புப் பக்கம் போகணும். தண்ணி குறைஞ்ச மாசத்துல கெண்டையும் கெளுத்தியும் நல்லா இருக்கும். ஜிலேபி எப்பவும் கிடைக்கும், அதை ஆத்து மீன்னு நான் கணக்குல வைக்கல.

கடைசியா, ஹோட்டலே வேண்டாம்னு நெனைக்கிறவங்க ஆடி 18-க்கு வாங்க. அன்னிக்கு அம்மா மண்டபத்துல நிக்க இடம் இருக்காது, கிழக்கால எங்க பக்கத்துப் படித்துறைக்கு வந்துருங்க. புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர்சோறு கட்டிட்டு வந்து கரையில உட்காந்து சாப்பிடுவோம். காப்பரிசியும் காதோலை கருகமணியும் ஆத்துக்குப் போகும். வெள்ளம் அதிகமா இருந்தா இறங்க விட மாட்டாங்க, பிள்ளைங்களைக் கையிலேயே பிடிச்சுக்குங்க. ஆடிக் காத்துல இலையெல்லாம் கிழிஞ்சுதான் இருக்கும், நல்ல இலை கிடைக்கிறது கஷ்டம். உள் வரப்புல காத்து படாத நாலு மரம் வச்சிருக்கேன். எத்தனை பேர் வர்றீங்கன்னு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிருங்க, அதுக்குத் தக்கபடி அறுத்து வைக்கிறேன்.