தூண்டில்காரரா, காவல்காரரா?

திருப்பதிக்குக் கடல் உண்டு என்று சொன்னால் ஏழுமலை ஏறி வந்த பக்தர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் உண்மை. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திர அரசு மாவட்டங்களை மாற்றியமைத்தபோது, பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த திருப்பதியோடு நெல்லூரின் சூலூர்பேட்டை, தடா, வாகாடு பகுதிகள் சேர்ந்துகொண்டன. ஸ்ரீஹரிகோட்டாவும் பழவேற்காடு ஏரியின் பெரும் பகுதியும் கூடவே வந்தன. சித்தூருக்குக் கடல் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. திருப்பதி கலெக்டரோ லட்டுக் கூட்டத்தோடு மீனவர் குறைகளையும் கேட்டாக வேண்டும்.

அந்தக் குறைகளில் ஒன்று சுறா சம்பந்தப்பட்டது. தெலுங்கில் சொர, தமிழில் சுறா. பெயரைப் போலவே புட்டும் எல்லை பார்ப்பதில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா நல்லது என்று இரண்டு மொழிக் கிழவிகளும் சொல்வார்கள். ஆனால் வலையில் விழும் எல்லாச் சுறாவையும் இப்போது கரைக்குக் கொண்டுவர முடியாது.

இந்தச் சட்டத்தின் கதை சுவாரசியமானது. 2001 மே மாதம் திமிங்கலச் சுறாவுக்குப் புலிக்கு நிகரான பாதுகாப்புக் கிடைத்தது. ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் பிடிக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. கடலோர மாநிலங்களில் எதிர்ப்பு கிளம்ப, டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. 2013ல் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசுவது தடை செய்யப்பட்டது. 2015 பிப்ரவரியில் துடுப்பு ஏற்றுமதியே நின்றது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தச் சட்டம் பட்டியலை மறுபடி நீட்டியிருக்கிறது. எதை விற்கலாம், எதை விட வேண்டும் என்று அலையாடும் படகில் இனம் பிரித்துப் பார்க்கும் பொறுப்பு மீனவர் தலையில்.

சட்டத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சுறா மத்தி மீனைப்போல் லட்சக்கணக்கில் முட்டையிடுவதில்லை. பல இனங்கள் பருவம் எய்தவே பத்தாண்டு ஆகும். ஈனுவதும் சில குட்டிகளே. 1990களின் இறுதியில் இந்தியக் கரைகளில் இறங்கிய சுறா, திருக்கை வகைகள் ஆண்டுக்கு 70 ஆயிரம் டன்னைத் தாண்டின. இருபது ஆண்டுகளில் அது 40 ஆயிரம் டன் அளவுக்கு இறங்கிவிட்டது. புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய ஒரு சுறா இனம் உண்டு. அது உறுதியாகக் கண்ணில் பட்டது கடைசியாக 1979ல்.

பிற நாடுகளில் இந்தச் சண்டைக்கு வேறு முகம். அங்கே சுறாவைப் பிடிப்பவர்களில் பலர் அதை விற்பதும் இல்லை, தின்பதும் இல்லை. விடுமுறை நாளில் தடித்த தூண்டிலோடு வந்து, மணிக்கணக்கில் மல்லுக்கட்டி, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 1975ல் வந்த ‘ஜாஸ்’ திரைப்படம் இந்த வீர விளையாட்டுக்குத் தூபம் போட்டது. மூலக் கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்காலத்தில் சுறாக்களுக்காகப் பிரசாரம் செய்தும் அந்த மோகம் அடங்கவில்லை. ஃப்ளோரிடாவில் கரையிலிருந்து சுறா பிடிக்க விரும்புகிறவர்கள் 2019 முதல் பாடம் படித்து அனுமதி வாங்க வேண்டும். 2022 ஜூலையில் அட்லாண்டிக் மாகோ சுறாவை வைத்துக்கொள்ளும் உரிமையை வணிகப் படகுகளிடமிருந்தும் பொழுதுபோக்குத் தூண்டில்களிடமிருந்தும் அமெரிக்க அரசு ஒருசேரப் பறித்தது.

“பிடித்தாலும் விட்டுவிடுகிறோமே” என்பது விளையாட்டுக்காரர்களின் பதில். விடுவது உண்மைதான். பிழைக்குமா என்பது வேறு கேள்வி. பெரிய கொம்பன் சுறா தூண்டிலோடு போராடியே துவண்டு, விடுபட்ட பிறகும் சாவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது நீந்திப் போவதைக் கைதட்டிப் பார்த்தவர்கள், பின்னால் நடந்ததைப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் விளையாட்டுத் தூண்டிலுக்கும் அருகிவரும் மீனுக்குமான வழக்கு கடலில் அல்ல, காவிரியில் நடந்தது. மீன் மகசீர், கெண்டைக் குடும்பத்தின் பீமன். 1946ல் மைசூரின் வான் இங்கன் கபினியில் பிடித்த மகசீர் 120 பவுண்டு. பிற்காலத்தில் கர்நாடகத்தின் பீமேஸ்வரி, கலிபோரே முகாம்களுக்கு வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் பணம் கட்டி வந்தார்கள். பிடித்த மீனை எடை போட்டு, குறித்து வைத்து, ஆற்றிலேயே விட்டார்கள். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்த உள்ளூர்க்காரர்கள் சிலர் அவர்களுக்கு வழிகாட்டிகளாகச் சம்பளம் வாங்கினார்கள்.

சரணாலயத்துக்குள் விளையாட்டுக்காக ஓர் உயிரை வதைப்பதா என்ற ஆட்சேபம் நியாயமானது. 2012க்குள் அங்கே தூண்டில் நின்றது. தாங்கள் போனதும் வெடிவைத்து மீன் பிடிப்பவர்கள் திரும்பிவிட்டார்கள் என்று தூண்டில்காரர்கள் வாதிட்டார்கள். சொந்த நலன் கலந்த வாதம்தான். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற நோட்டுப் புத்தகங்களுக்கு நலன் எதுவும் கிடையாது. 1998 முதல் கலிபோரேயில் எழுதப்பட்ட கணக்குகளை ஆராய்ச்சியாளர்கள் புரட்டியபோது, காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் ஆண்டுக்கு ஆண்டு அருகியதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத் துடுப்பு மகசீர் பெருகியதும் தெரிந்தன. தமிழ்நாட்டின் மோயாற்றில் கிடைத்த மீன்களையும் சேர்த்து ஆராய்ந்த பிறகு, 2018ல்தான் கூன்முதுகின் அறிவியல் பெயரே உறுதியானது. அதே ஆண்டு அது மிக மோசமான அழிவு அபாயத்தில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது.

இந்த வழக்கில் இரு தரப்புக்கும் பாதி வெற்றி, பாதி தோல்வி. நீலத் துடுப்பு மீனை ஆற்றில் விட்டது மகசீரைப் பெருக்கும் நல்லெண்ணத்தில்தான். தூண்டில் ஆர்வலர்களும் ஆதரித்தார்கள். அதுவே கூன்முதுகுக்குப் போட்டியாக முளைத்தது. ஆனால் வீழ்ச்சியை எண்ணிச் சொன்னதும் அவர்கள் பேனாதான். தடை போட்டவர்கள் மீன் வாயிலிருந்து தூண்டிலை எடுத்தார்கள். கரையில் இருந்தவரின் கையிலிருந்து நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துவிட்டார்கள்.

திருப்பதியின் புதிய கடலோரத்துக்கு இதில் பாடம் இருக்கிறது. வாகாட்டிலும் தடாவிலும் வலை வீசுபவர் விளையாட்டுக்காரர் அல்ல. மற்ற மீனுக்குப் போட்ட வலையில் சுறா தானாக வந்து விழுகிறது. அதை விடச் சொல்லும்போது நஷ்டம் அவருக்கு. பிடித்ததை மறைத்து அறுத்துவிட்டால் கணக்கு நமக்குப் போச்சு. வெறும் தண்டனை மட்டும் இருந்தால் அவர் வாய் திறக்க மாட்டார்.

வாய் திறக்க வைத்த ஊர்களும் உண்டு. குஜராத்தின் வேராவல் ஒரு காலத்தில் திமிங்கலச் சுறா வேட்டையின் தலைமையிடம். 2004 முதல் அங்கே நடந்த பிரசாரத்தில் கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு, சுறாவைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று வர்ணித்தார். அதோடு நிற்காமல், வலையை அறுத்து மீனை விட்ட மீனவருக்கு 25 ஆயிரம் ரூபாய் வரை வலைக்கு ஈடு கிடைத்தது. நூற்றுக்கணக்கான சுறாக்கள் விடுவிக்கப்பட்டன. மகாராஷ்டிரமும் 2018ல் அதே வழிக்கு வந்தது. ஆந்திரத்திலேயே 2021 டிசம்பரில் விசாகப்பட்டினம் அருகே தந்தடி கரையில் சிக்கிய திமிங்கலச் சுறாவை மீனவர்களும் வனத்துறையும் சேர்ந்து கடலுக்கு அனுப்பினார்கள்.

பக்திக்குத் திருப்பதி மாவட்டத்தில் குறையில்லை. நாகலாபுரத்தில் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய வேதநாராயணர் கோயிலில் பெருமாளே மச்சாவதாரமாக நிற்கிறார். ஆனால் பக்தி மட்டும் மீனைக் காப்பாற்றியிருந்தால் நம் ஆறுகளும் ஏரிகளும் இந்த நிலைக்கு வந்திருக்காது. வேராவலில் புண்ணியத்தோடு ரூபாயும் சேர்ந்ததால்தான் காரியம் நடந்தது.

ஆந்திர அரசுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்துக்கான உதவித்தொகையை 2025ல் 20 ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. இரண்டு மாதம் மீன் பிடிக்காமல் இருப்பதற்குக் கூலி உண்டென்றால், கையில் வந்த சுறாவை விடுவதற்கும், விட்டதை எழுதி வைப்பதற்கும் கூலி கேட்பது பேராசை ஆகாது.

நாளை விளையாட்டுத் தூண்டிலும் இங்கே வரலாம். அந்தமானில் அது ஏற்கெனவே வியாபாரம். சென்னைக் கடலிலும் படகுகள் போகின்றன. வந்தால், அருகிவரும் சுறாவைப் பிடித்துப் படம் எடுக்கும் ஆசைக்கு முதல் நாளே முடிவு கட்ட வேண்டும். மற்ற மீனுக்கு வருகிறவர் என்ன பிடித்தோம், எங்கே விட்டோம் என்று எழுதித் தர வேண்டும். வலைக்காரருக்கு வயிறு, தூண்டில்காரருக்குப் பொழுது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமில்லை. ஆனால் கணக்கு எழுதும் வேலை இருவருக்கும் பொது.