அசனப் பந்தியும் ஐக்கியமும்

கிறிஸ்தவ வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ‘ஐக்கியம்’ என்ற சொல் சிறுவயதிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருக்கும். வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கிய சங்கம், ஜெப ஐக்கியம் என்று எத்தனையோ. ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறும்போதும் பரிசுத்த ஆவியின் ஐக்கியம் நம்மோடு இருக்கட்டும் என்கிறார் குருவானவர். நாமும் ஆமென் சொல்லிவிட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைத் தேடப் போய்விடுகிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நின்று யோசிப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகு வேதத்தை நிதானமாக வாசிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு அது பிடிபட ஆரம்பித்தது.

யோவான் எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தாங்கள் கண்டதையும் கேட்டதையும் அறிவிப்பது எதற்காக என்று காரணம் சொல்கிறார் யோவான். கேட்பவர்கள் தங்களோடு ஐக்கியப்பட வேண்டும், தங்களுடைய ஐக்கியமோ பிதாவோடும் குமாரனோடும் இருக்கிறது என்கிறார். ஏழாம் வசனத்துக்கு வரும்போது ஓர் ஆச்சரியம். ஒளியிலே நடந்தால் கடவுளோடு ஐக்கியம் உண்டாகும் என்று முடிப்பார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவரோ, நாம் ஒருவரோடொருவர் ஐக்கியப்பட்டிருப்போம் என்று எழுதுகிறார். மேலே போகும் வழியும் பக்கத்து வீட்டுக்குப் போகும் வழியும் அவருக்கு ஒன்றுதான்.

இந்தச் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல் கொய்னோனியா. ‘பொதுவானது’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அப்போஸ்தலர் 2:42-ல் ஆதிச் சபையைப் பற்றிச் சொல்லும்போது அதே கிரேக்கச் சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பு ‘அந்நியோந்நியம்’ என்று தமிழாக்கியிருக்கிறது. எருசலேமிலுள்ள ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் திரட்டிய பணத்தைக் குறிக்கவும் ரோமர் 15:26-ல் பவுல் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். திருவிருந்தின் அப்பத்துக்கும் பாத்திரத்துக்கும் 1 கொரிந்தியர் 10-ல் அதே சொல். உறவு, காசு, அப்பம் மூன்றுக்கும் ஒரே சொல்! இதில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

இதைப் புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் அசனம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கோவில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் அசனம் உண்டு. வசதியுள்ளவர் மூட்டை அரிசி கொடுப்பார், ஆடு கொடுப்பார். இல்லாதவர் ஒரு படி அரிசி, இரண்டு தேங்காய், ஒரு தடியங்காய் கொடுப்பார். அதுவும் முடியாதவர் இரவெல்லாம் விழித்திருந்து விறகு தள்ளுவார், தேங்காய் துருவுவார். எல்லாம் ஒரே கொப்பரைக்குள் போன பிறகு எந்த அரிசி யாருடையது என்று யார் சொல்ல முடியும்? ஜெபம் பண்ணிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. நடக்க முடியாத கிழவிக்கும் தூக்குவாளியில் வீட்டுக்குப் போய்விடும்.

ஆனால் எல்லாமே அழகாக இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். கொரிந்து சபையிலேயே பணக்காரர் முந்திக்கொண்டு சாப்பிட, ஏழைகள் பசியோடு இருந்தார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் கண்டித்து எழுத வேண்டியிருந்தது. நம் நாட்டில் அந்த நோய்க்கு வேறு பெயர். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கக் கூடாது என்று கடிதம் எழுதியபோது தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அடுத்தவரோடு ஒரே பாயில் உட்காருவது கஷ்டமாக இருந்திருக்கிறது. அந்த நோய் இன்றைக்கு முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை இங்கே நினைக்க வேண்டும். எங்கள் சீமைக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்காரர் நிறைந்த சபையில் எழுந்து அவர் பேசினார். மிஷனெரிகளின் உழைப்புக்கும் தியாகத்துக்கும் இந்தியச் சபை என்றென்றும் நன்றி சொல்லும், ஆனால் எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். ஒருவன் தன் சொத்தையெல்லாம் கொடுக்கலாம், உயிரையே கொடுக்கலாம். ஆனாலும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளாமல் இருக்கலாம் அல்லவா? அந்த இடத்தில்தான் அவர் கை வைத்தார். இரண்டு வருடம் கழித்து தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். 1919-ல் தரங்கம்பாடியில் சபை ஐக்கியத்துக்கான பேச்சைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அந்தத் திருச்சபை 1950-ல் கொண்டுவந்த திருவிருந்து முறையில் ஒரு நல்ல வழக்கம் சேர்ந்தது. குருவானவர் திருமேசையிலிருந்து சமாதானத்தைக் கொடுக்க, அது கைக்குக் கை, பெஞ்சுக்குப் பெஞ்சு என்று கடைசி வரிசைவரை போகும். சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்த வழக்கம் இது. பக்கத்தில் இருப்பவர் கையை நம் இரு கைகளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். பார்க்கச் சின்னக் காரியம். ஆனால் பேசாமல் இருக்கும் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அதைப்போலப் பெரிய சங்கடம் வேறில்லை.

என் பெரியப்பாவும் அவருக்கு மச்சான் முறையான ஒருவரும் அப்படித்தான் இருந்தார்கள். வரப்போரம் நின்ற ஏழு பனை யாருடையது என்று கோர்ட்டில் வழக்கு. பதினொரு வருடம் பேச்சு கிடையாது. கோவிலில் இவர் வடக்குக் கதவு ஓரம், அவர் தெற்குக் கதவு ஓரம். அசனத்தில் இவர் முதல் பந்தி என்றால் அவர் மூன்றாம் பந்தி.

பெரியப்பா படுத்த படுக்கையானபோது ஐயர் வீட்டுக்கே திருவிருந்து கொடுக்க வந்தார். (எங்கள் ஊரில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.) நான் கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, “ஏல, போய் மச்சானக் கூட்டிட்டு வா. அவன் வராம நான் வாங்க மாட்டேன்” என்றார். பெரியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் வராவிட்டால் என்ன செய்வது?

போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே நடந்து வந்தார். சமாதானம் சொல்லும் இடம் வந்தபோது பெரியப்பா கையைத் தூக்க முடியாமல் தூக்கினார். மச்சான் கட்டிலோரம் முழங்கால் போட்டு அந்தக் கையை வாங்கித் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். பனையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை, மன்னிப்பு என்ற வார்த்தையும் இல்லை. இருவரும் ஒரே தட்டிலிருந்து அப்பம் வாங்கினார்கள். ஒன்பதாம் நாள் பெரியப்பா காலமானபோது பெட்டி தூக்கியவர்களில் முதல் ஆள் அவர்தான். வழக்கு அதன்பிறகும் கோர்ட்டில் இருந்தது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகுதான் பேசி முடித்தார்கள்.

வழக்கு முடிந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று இருவரும் நினைத்திருந்தால் சேர்ந்தே இருக்க மாட்டார்கள். ஒருவரோடொருவர் எல்லாவற்றிலும் ஒத்துப்போவது ஐக்கியம் என்று நான் இப்போது நினைப்பதில்லை. நம் இருவருக்கும் பொதுவான ஒருவர் நடுவில் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வதே ஐக்கியம்.

என் வயதுக்காரர்கள் பலர் கொரோனாக் காலத்தில் செல்போனில் ஆராதனை பார்க்கப் பழகி, இன்றும் அப்படியே இருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் முழங்கால் நன்றாக இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். போனில் நல்ல பாட்டு கிடைக்கும், நல்ல பிரசங்கம் கிடைக்கும். நமக்குப் பிடிக்காத ஆள் பக்கத்தில் வந்து உட்காரமாட்டார். அங்கேதான் குறை இருக்கிறது.

வருகிற ஞாயிறு கோவிலுக்குப் போகிறவர்கள், வழக்கமாக உட்காரும் பெஞ்சை விட்டு வேறு பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். வரமுடியாத ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், திரும்பும் வழியில் அவர் வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.