கணினித் தொழிலும் சிற்றோய்வும்

உழைப்பின் பெருமையை எடுத்தோதுவார் பலர். உழைப்பின் இடையே கொள்ளும் ஓய்வைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலர். அவரும் கோடை விடுமுறையில் உதகை சென்று வருதலையே ஓய்வெனக் கொள்வர். யான் ஈண்டு எழுதப் புகுந்தது அத்தகைய நெடிய ஓய்வைப் பற்றியன்று. நாள் முழுதும் கணினித் திரையின் முன் அமர்ந்து பணிபுரிவார், மணிக்கொருமுறை சில நிமிடம் எழுந்து நிற்றலும், கண்ணைத் திரையினின்று திருப்பிச் சேய்மையிலுள்ள மரமொன்றை நோக்குதலுமாகிய சிற்றோய்வே என் பொருள். தமிழ் பயிலும் மாணவன் எழுதற்கு இதுவும் ஒரு பொருளோ என நகைக்கும் நண்பர்க்கு ஒன்று சொல்வேன். நம் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கி, 1911 இல் அப்பணியை விடுத்துப் பல்லாவரத்தில் குடியேறி, 1950 இல் மறைந்த மறைமலையடிகள், சங்க நூல்களை ஆராய்ந்த அதே கையால் ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ என்னும் உடல்நல நூலையும் எழுதி 1933 இல் வெளியிட்டார்.

தாம்பரத்தில் வாழும் நமக்கு ஓய்வென்பது அயலான பேச்சன்று. சென்னையிலிருந்து மின்வண்டியில் வருவார் தாம்பரத்திற்கு முன் காணும் நிலையம் ‘தாம்பரம் சானடோரியம்’. 1928 இல் சௌரி முத்து என்னும் மருத்துவர் காசநோயாளர்க்கென நிறுவிய மருத்துவமனையால் அமைந்த பெயர் அது. 1937 இல் அரசினர் அதனை ஏற்றனர். நம் கல்லூரி தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்ததும் அவ்வாண்டிலேயே. ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943 இல் கண்டறியப்படுமுன், காசத்திற்குத் தூய காற்றும், நல்லுணவும், படுக்கையோய்வுமே மருந்தாய் இருந்தன. பிற்காலத்தில், மருந்தை முறையாக உண்பவர் வீட்டிலிருந்தே குணமடையலாம் எனச் சென்னையில் நடந்த ஆராய்ச்சியொன்று 1959 இல் காட்டிற்று. ஆகவே ஓய்வே மருந்தென்னும் கொள்கை அந்நோயளவில் முடிந்தது. ஆனால் அம்மருத்துவமனைக்கு அணித்தாகவே 1984 இல் ‘மெப்ஸ்’ எனப்படும் ஏற்றுமதி மண்டலம் எழுந்தது. இன்று அங்கும், கிழக்கே பழைய மாமல்லபுரச் சாலையிலுள்ள சோழிங்கநல்லூர், சிறுசேரி முதலிய இடங்களிலும் எண்ணிறந்தோர் திரை முன் அமர்ந்து பொருளீட்டுகின்றனர். ஓய்வைப் பற்றிய கேள்வி புதிய உருக்கொண்டு மீண்டும் நம் ஊருக்கே வந்துள்ளது.

என் பாட்டனார் சைதாப்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சாளராய் இருந்தவர். அவர் கடுமையாய் உழைத்தவரே. ஆயினும் அவர் தொழிலைச் சற்றே உற்று நோக்குமின். ஒவ்வொரு வரியின் முடிவிலும் இடக்கையால் உருளையைத் தள்ள வேண்டும். ஒரு பக்கம் முடிந்தால் தாளை உருவி, மைத்தாளை இடையில் வைத்து, வேறு தாள் செருக வேண்டும். கோப்பொன்று வேண்டின் எழுந்து அலமாரிக்குச் செல்லல் வேண்டும். சென்ற இடத்தில் நண்பரிடம் இரண்டு சொல் பேசாது திரும்புவார் யார்? ஓய்வு அத்தொழிலுக்குள்ளேயே பொதிந்து கிடந்தது. அதற்கென எவரும் இசைவு கேட்டிலர். எவரும் அதனைக் கணக்கிட்டதும் இல்லை. கணினியோ இவை அனைத்தையும் களைந்துவிட்டது. தாள், கோப்பு, கடிதம், நண்பர் எல்லாம் இருந்த இருக்கைக்கே வந்து நிற்கின்றன. இழந்த அவ்வோய்வை இனி நாமே முயன்று மீட்டல் வேண்டும் என்பதே யான் கூற விரும்புவது.

என் தமக்கையார் அச்சாலையில் ஒரு கம்பெனியில் பணியாற்றுகின்றார். அதன் பெயர் ஈண்டு வேண்டா. அயல்நாட்டு மருத்துவமனைகளின் கட்டணக் கணக்குகளைச் சரிபார்த்துப் பதிவதே அவர் வேலை. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம். என் கல்லூரிக் கட்டணம் அவ்வூதியத்திலிருந்தே செலுத்தப்படுகின்றது. ஐந்து நிமிடம் விசைப்பலகை அசையாதிருப்பின், அவர் வேலையின்றி இருக்கின்றார் எனக் கணினியே குறித்துக்கொள்ளும். மாத இறுதியில் அக்குறிப்புக்களைக் கூட்டி மேலாளர் விளக்கம் கேட்பார். பாட்டனார்க்குத் தொழிலே அளித்த ஓய்வு, பேத்திக்குக் களவாயிற்று! சென்ற ஆண்டு முதல் அவருடைய வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. நள்ளிரவில் விழித்தெழுந்து கையை உதறிக்கொண்டிருப்பார். இட்டிலி மாவை ஊற்றும் கரண்டி கைநழுவி விழுந்த அன்று, அன்னையார் ஒன்றும் பேசாது அக்கரண்டியைத் தாம் வாங்கிக்கொண்டார். அதன்பின் அவ்வேலை எனக்கு வந்தது.

உடலின் இயல்பை அறிந்தார்க்கு இதில் வியப்பில்லை. அண்மையிலுள்ளதை நோக்குங்கால் கண்ணினுள்ளே சிறு தசையொன்று இறுகுகின்றது. சேய்மையை நோக்கினாலன்றி அது தளர்வதில்லை. இயல்பாக நிமிடத்திற்குப் பதினைந்து முறையளவு இமைக்கும் கண், திரையை நோக்குங்கால் அதிற் பாதியும் இமைப்பதில்லை. கண்ணீர் உலர்ந்து எரிவு தோன்றுகின்றது. ஆதலின் 20 நிமிடத்திற்கொருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை, 20 நொடி நோக்குக எனக் கண் மருத்துவர் கூறுவர். நம் கல்லூரி நூல்நிலையத்திற் பயில்வார்க்கு இஃது எளிது. சாளரத்தின் புறத்தே மரங்கள் உள. தமக்கையார் இருக்கையிலிருந்து 20 அடி நோக்கின் தென்படுவது வேறொருவரின் திரையே.

இந்நோய் கணினியோடு பிறந்ததுமன்று. இத்தாலிய மருத்துவர் இராமாட்சினி, தொழிலாளர் நோய்களைப் பற்றிய தம் நூலின் 1713 ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றி வரைந்தார். இடையறாது அமர்தல், ஒரே போக்கிற் கையை அசைத்தல், பிழை நேருமோ என்னும் மன இறுக்கம் ஆகிய மூன்றையும் அவர்தம் நோய்க்குக் காரணமாகக் காட்டினார். மூன்றும் தமக்கையார்க்கும் உரியன. பிரிட்டனில் 1992 ஆம் ஆண்டு விதிகள், திரைப்பணியின் இடையே அவ்வப்போது ஓய்வோ வேலை மாற்றமோ அமையுமாறு செய்தல் முதலாளியின் கடன் என வகுத்தன. நம் மாநிலத்திலும் 2021 இல், கடைகளில் நாள் முழுதும் நின்று பணிபுரிவார்க்கு இருக்கை அளிக்கச் சட்டத் திருத்தம் வந்தது. தியாகராய நகர்த் துணிக்கடைகளிற் பணிபுரியும் பெண்களைக் கண்டோர் அதன் அருமையை அறிவர். நிற்பார் அமரச் சட்டம் செய்த மன்றம், அமர்ந்தார் எழவும் ஒன்று செய்யலாகாதோ?

அதுவரை தமக்கையார் தாமே ஒரு வழி கண்டுள்ளார். பெரிய நீர்ப்புட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சிறு குவளையொன்றைக் கொண்டு செல்கின்றார். அது விரைவில் வறளும். நிரப்புதற்குக் கூடத்தின் கோடி வரை நடக்க வேண்டும். போக்கும் வரவும் நான்கு நிமிடம். ஆதலின் கணினி அதனைக் குறிப்பதில்லை. நீர் பிடிக்கும் இடத்தில் ஒரு சாளரம் உண்டு என்றும், அதன் வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு மூலை தெரியும் என்றும், மழைக்காலத்திற் பறவைகளைக் காணலாம் என்றும் கூறினார். கைமரப்பு முற்றும் நீங்கவில்லை. இரவில் உதறுவது மட்டும் குறைந்துள்ளது. மணிக்கு ஐந்து நிமிட ஓய்வு வேண்டி அவரும் உடன்பணியாளர் பதினொருவரும் மேலாளர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதினர். அதன் தமிழ்ப் படியை யானே திருத்திக் கொடுத்தேன். ஆங்கிலப் படியையே கேட்டார்களாம்; அதுவும் கொடுத்தாயிற்று. மறுமொழி இன்னும் வந்திலது.