கேமிங் கீபோர்டு வாங்கப் போறீங்களா? காசு போடறதுக்கு முன்னாடி ஒரு இழை

1/ குன்றக்குடி பக்கம் டாக்டரா இருந்தா முழங்கால் வலிதான் நிறைய வரும். மலைக்கோயில் படி அப்படி. லீவு விட்டா மணிக்கட்டு வலியும் வருது, பதினாறு பதினேழு வயசுப் பசங்களுக்கு. கூட வர்ற அப்பாக்கள் கேட்கிறது ரெண்டு: "கேம் விளையாடித்தானே சார் இது?", "8,000 ரூபாய்க்கு கீபோர்டு கேட்கிறான், வாங்கவா?"

2/ 8,000 வேண்டாம். 3,000 ரூபாய்க்குள்ளயே நல்ல மெக்கானிக்கல் கீபோர்டு கிடைக்குது. செர்ரி எம்எக்ஸ் சுவிட்சோட காப்புரிமை முடிஞ்சதும் கேட்டரான், அவுட்டெமு மாதிரி சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் மலிவாச் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க.

3/ சாதா கீபோர்டுல அடியில ரப்பர். பெரும்பாலும் கடைசி வரை அழுத்தினாத்தான் எழுத்து விழும். மெக்கானிக்கல்ல ஒவ்வொரு கட்டைக்கும் தனி ஸ்பிரிங். எம்எக்ஸ் சிவப்பு 4 மி.மீ. இறங்கும், ஆனா 2 மி.மீ.லயே பதிவாகிடும். சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். விரலுக்கு வேலை குறைவு.

4/ நீல சுவிட்ச் 'டிக் டிக்'னு சத்தம் போடும். வளவு வீட்டுல ராத்திரி அப்பத்தா தூங்கணும்னா சிவப்பே வாங்குங்க.

5/ நம்பர் பேட் இல்லாத 87 கட்டை அளவு பாருங்க. மவுஸ் உடம்புக்குப் பக்கத்துல வரும், தோள் விரியாது. நான் முக்கியமாப் பார்க்கிறது இதைத்தான்.

6/ பின்னாடி இருக்கிற குட்டிக் காலை மடக்கி வைங்க. அது தூக்கி நின்னா மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். அப்போ மீடியன் நரம்பு போற குகையில அழுத்தம் ஏறும்.

7/ கலர் லைட்டுக்கும் 8,000 ஹெர்ட்ஸுக்கும் காசு போடாதீங்க. 1,000 ஹெர்ட்ஸ்னா 1 மில்லிசெகண்ட். கண்ணு பார்த்து கை அசையவே சுமார் 200 மில்லிசெகண்ட் ஆகும். நாலஞ்சு கட்டையைச் சேர்த்து அழுத்தினா எல்லாம் பதிவாகுதான்னு மட்டும் சோதிச்சுப் பாருங்க. வயர் உள்ளதே போதும்.

8/ இது கீபோர்டு மாத்திச் சரியாகிற விஷயமில்லை: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து ராத்திரி தூக்கம் கலையறது, சுண்டுவிரல் மரக்கிறது (இது பெரும்பாலும் முழங்கை நரம்பு), கையில பிடிச்ச டம்ளர் நழுவுறது. இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டரைப் பாருங்க. பெரியவங்களுக்குன்னா சர்க்கரை, தைராய்டும் பார்ப்போம்.

9/ முதல் கேள்விக்குப் பதில்: கேமை மட்டும் திட்டாதீங்க. இடைவெளி இல்லாம நாலு மணி நேரம் எழுதினாலும், போன் பிடிச்சாலும் கை வலிக்கும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கையை உதறச் சொல்லுங்க.

10/ மிச்சமாகிற 5,000 ரூபாய்ல, முழங்கை மேசை மட்டத்துக்கு வர்ற மாதிரி ஒரு நாற்காலி வாங்கிக் கொடுங்க. படிக்கவும் அதுலதானே உட்காரப் போறான்.