பொத்தானும் தெறியும்

மனிதன் உடுக்கும் உடையில் மிகச் சிறிய உறுப்பு பொத்தான். அது தன் இடத்தில் இருக்கும்வரை எவரும் அதனை எண்ணுவதில்லை; அறுந்து விழுந்த பின்னரே தேடுகின்றனர். சில சொற்களின் நிலையும் அத்தகையதே.

மன்னார்த் தீவின் தென்கரையில் உள்ள மீனவர் ஊர் தாழ்வுபாடு. வாரம் முழுவதும் கடலோடு போராடும் ஒருவர், ஞாயிறு காலையில் கோயிலுக்குப் புறப்படுகையில் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறார். அவர் விரல் தொடும் பொருளுக்கும் நா உரைக்கும் சொல்லுக்கும் நெடிய வரலாறு உண்டு.

ஐரோப்பாவிலே துளையிற் பூட்டும் பொத்தான் 13ஆம் நூற்றாண்டிற் பரவலாயிற்று. அதற்கு முன்னர் ஊசியும் நாடாவுமே ஆடையை இறுக்கின. 1268ஆம் ஆண்டளவில் பாரிசு நகரத் தொழிற்குழுக்களின் விதிகளைத் தொகுத்த எத்தியேன் புவலோ, செம்பிலும் பித்தளையிலும் பொத்தான் செய்வோரையும் அவற்றுட் சேர்த்துள்ளார். அடுத்த நூற்றாண்டில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை பொத்தான்கள் நெருங்கி வரிசைகொண்டன. பூட்டுவதற்கு வேண்டியவை சில. எஞ்சியவை செல்வத்தைப் பறைசாற்றவே தைக்கப்பட்டன. பிரபுக்களுக்குப் பொன்னும் வெள்ளியும், எளியோர்க்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த வார்ப்பும் உரியனவாயின. பொத்தானைக் கண்டே ஒருவரின் தரத்தை அறியலாம் என்ற நிலை உருவாயிற்று.

அந்த அலங்காரம் உச்சம் பெற்றிருந்த காலத்திலேதான் போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். இக்கடலில் முத்துக் குளித்தவனுக்கு இடையில் ஒரு துண்டுத் துணியே உடை. அவன் எடுத்த முத்தோ பிறர் உடையில் ஒளிர்ந்தது. ஆட்சி அகன்றது, சொற்கள் தங்கின. மேசை, சாவி, சப்பாத்து, அலுமாரி என்பவற்றோடு பொத்தானும் தமிழாயிற்று. சிங்களத்திலும் அதுவே 'பொத்தம' என வழங்குகிறது. பிற்காலத்தில் முதலிமாரின் நீண்ட மேலங்கியிலே பொன், வெள்ளிப் பொத்தான்கள் பதவியின் அடையாளமாகத் துலங்கின. தரங்காட்டும் அந்தப் பழைய வழக்கம் கடல்கடந்து வந்து வேரூன்றியமைக்கு இது சான்று.

'தெறி' என்னும் இனிய சொல் ஈழத்தமிழில் இருக்க, அந்நியன் விட்டுச்சென்ற சொல் எதற்கு என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. புதிய பொருளுக்குத் தன் வேரிலிருந்தே பெயர் கொடுக்கும் மொழியின் ஆற்றலுக்குத் தெறி சான்று. ஆனால் அம்மொழியைப் பேசியோர் கண்டதற்கும் பட்டதற்கும் பொத்தான் சான்று. ஒன்றை வைத்து மற்றதை அழிப்பது கரையின் வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழிப்பதாகும்.

இன்று இரண்டுமே 'பட்டன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வழிவிட்டு வருகின்றன. பொத்தானும் பட்டனும் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்தே பிறந்தவை என்பது வேடிக்கை. முன்னது வந்தபோது இங்கே பெயரில்லாத புதுப்பொருளுக்குப் பெயராயிற்று; பின்னதோ இரு பெயருள்ள பொருளுக்கு மூன்றாவதாய் வந்து முன்னிரண்டையும் மறக்கச் செய்கிறது. அஞ்ச வேண்டியது கடன் வாங்குவதற்கன்று, இருப்பதை இழப்பதற்கே.

ஆண்டோர் மார்பிலே மின்னிய பொன் இக்கரையில் எவருக்கும் எஞ்சவில்லை. ஆடையை இணைக்கும் அதன் பயனை மட்டும் மக்கள் எடுத்துக்கொண்டனர். தாழ்வுபாட்டு மீனவரின் சட்டையிலே இருப்பது விலை மலிந்த பிளாஸ்டிக் வட்டந்தான். ஆயினும் அது அவருக்குத் தரங்காட்டவில்லை, பணிசெய்கிறது.