ரமாபாய் சுமந்த கூடை

ஏப்ரல் 14 வந்தால் கொருக்குப்பேட்டையில் தெருவெல்லாம் நீலக்கொடி பறக்கும், பாட்டு கேட்கும். மே 27 சத்தமில்லாமல் கடந்துபோகும். அது ரமாபாய் அம்பேத்கரின் நினைவு நாள். நினைவில் வைத்திருப்பவர்களும் 'தியாகத் தாய்' என்று மாலை போட்டு முடித்துவிடுகிறோம். அந்த மாலைக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை இளம் தோழர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு அது அந்நியமான கதை அல்ல. மராட்டியக் கடற்கரையில் தாபோல் துறையில் மீன் கூடை சுமந்தவர் ரமாபாயின் அப்பா. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்த ரமாபாய், பம்பாயில் உறவினர்களிடம் வளர்ந்தார். 1906-ல் பைகுல்லா சந்தையில், வியாபாரம் முடிந்த இரவில், பீம்ராவோடு கல்யாணம். பெண்ணுக்கு வயது ஒன்பது இருக்கும். மாப்பிள்ளையும் பள்ளிக்கூடப் பையன்தான்.

கணவர் 1913-ல் நியூயார்க் போனார். 1916-ல் லண்டன், 1920-ல் மறுபடியும் லண்டன். நாம் பெருமையாக ஒப்பிக்கும் பட்டங்களெல்லாம் அந்த ஆண்டுகளில் வந்தவை. அதே ஆண்டுகளில் பம்பாயில் அடுப்பு எரிய வேண்டும், குடும்பம் ஓட வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டவர் ரமாபாய். பெற்ற பிள்ளைகள் ஐந்து பேர். நான்கு பேர் குழந்தையாகவே இறந்தார்கள். கடைசி மகன் ராஜரத்னா போனது 1926-ல். மிஞ்சியவர் யஷ்வந்த் ஒருவர்தான். இதை விதி என்று சொல்லிவிட்டால் வறுமையும் சாதியும் தப்பித்துக்கொள்ளும்.

1928-ல் தன் 'பகிஷ்கிருத் பாரத்' ஏட்டில் அம்பேத்கரே இதை எழுதினார். தான் வெளிநாட்டில் இருந்தபோது குடும்பத்தைத் தாங்கியவர், திரும்பி வந்த பிறகும் வறுமையில் சாணிக்கூடையைத் தலையில் சுமக்கத் தயங்காதவர் என்று மனைவியைப் பற்றிச் சொன்னார். அப்படிப்பட்டவரோடு ஒரு நாளில் அரை மணி நேரம்கூடச் செலவிட முடியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஊருக்கே தெரியும்படி ஒரு தலைவர் தன் வீட்டுக் கடனை எழுதி வைத்திருக்கிறார், தோழர்களே. பாகிஸ்தான் பற்றிய தன் நூலையும் 'ராமு'வின் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

ரமாபாய்க்கென்று ஆசைகளும் இருந்தன. பண்டரிபுரம் போய் விட்டலைக் கும்பிட வேண்டும் என்று கேட்டார். நம்மை வெளியே நிறுத்தும் கோயில் நமக்கு எதற்கு, வேறொரு பண்டரிபுரத்தை நாம் உருவாக்குவோம் என்றார் அம்பேத்கர். 1935 மே 27 அன்று தாதரில் ராஜகிருக இல்லத்தில் ரமாபாய் இறந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று, இந்துவாகச் சாக மாட்டேன் என்று யேவலாவில் அம்பேத்கர் அறிவித்தார். மதமாற்றத்தின் வரலாற்றை யேவலாவிலிருந்து தொடங்குகிறோம். பண்டரிபுரத்துக்குப் போக முடியாத ஒரு பெண்ணின் ஏக்கத்தையும் அதில் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். தோழர் கூட்டத்துக்குப் போகிறார், போராட்டத்தில் கைதாகிறார். வீட்டு வாடகை எங்கிருந்து வருகிறது? வட்டிக்காரருக்குப் பதில் சொல்வது யார்? விடியும் முன்னே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவர், அவர்தான். கூட்டத்தில் அவருக்கு மைக் கிடைப்பதில்லை. செத்த பிறகு 'அன்னை' பட்டம் கிடைக்கும். தியாகம் என்று சொல்லிவிட்டால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்பது நமக்கு வசதியாக இருக்கிறது.

அதனால் மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். இந்த மே 27 அன்று மாலை போடுங்கள், தப்பில்லை. அதோடு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். எந்த வயதில் வேலைக்குப் போனார், என்ன கூலி வாங்கினார், யார் படிப்புக்காக எதை அடகு வைத்தார், எங்கே போக ஆசைப்பட்டார் என்று கேட்டு எழுதுங்கள். அம்பேத்கர் 1928-ல் எழுதியதை நாம் இன்னும் நம் வீடுகளில் எழுதத் தொடங்கவில்லை.

ஜெய் பீம்.